துஞ்சாத தாய்: நடுவயதுப் பெண்ணின் இரவும் தமிழ் இலக்கிய மரபும்

முன்னுரை

அகநானூற்றின் 122ஆம் பாடலை முதுகலை வகுப்பொன்றில் கற்பித்துக்கொண்டிருந்த மாலையில் எழுந்த ஒரு வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய். பரணர் பாடிய அப்பாடல் இரவுக்குறிக்கு நேரும் இடையூறுகளை அடுக்கிக் கூறுவது. விழா இல்லாத நாளிலும் ஊர் உறங்குவதில்லை. ஊர் உறங்கினாலும் தாய் உறங்குவதில்லை. தாய் உறங்கினாலும் காவலர் சுற்றி வருகின்றனர். காவலர் அயர்ந்தாலும் நாய் குரைக்கிறது. நாய் ஓய்ந்தாலும் நிலவு பகல்போல் எறிக்கிறது. நிலவு மறைந்தால் கூகை குழறுகிறது. கூகை அடங்கினால் கோழி கூவிவிடுகிறது. இவை யாவும் அடங்கிக் கிடக்கும் நாளிலோ தலைவன் வருவதில்லை. தலைவியின் இச்சலிப்பிலுள்ள நயத்தை மாணவர்கள் சுவைத்துக்கொண்டிருந்தபோது, பகுதிநேரமாகப் பயிலும் மாணவி ஒருவர், ஐம்பது வயதை நெருங்கும் பள்ளி ஆசிரியை, "டாக்டர், அந்த அம்மாவுக்கு ஏன் தூக்கம் வரவில்லை?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

மகளைக் காப்பதற்காக விழித்திருக்கிறாள் என்று உரைமரபை ஒட்டி விடை கூறினேன். அவ்விடை தவறன்று. ஆயினும் வகுப்பு முடிந்தபின் அவர் என்னிடம் வந்து, "நானும் தினமும் மூன்று மணிக்கு விழித்துக்கொள்கிறேன். என் வீட்டில் காவல் காக்க மகள் இல்லை" என்றார். மாதவிடாய் நிற்கும் பருவத்தின் வியர்வையும் படபடப்பும் காரணமற்ற அச்சமும் அவரை ஈராண்டுகளாக அலைக்கழித்து வந்ததைப் பின்னர் அறிந்தேன். அவ்வாண்டுகளில் அதை அவர் எவரிடமும் சொல்லவில்லை. சொல்ல நாணியதால் மட்டுமன்று. எந்தச் சொல்லால் சொல்வது என்று தெரியாததாலும் சொல்லவில்லை.

ஒரு துன்பத்தைச் சொல்வதற்குரிய சொல் ஒரு மொழியில் இருக்கிறதா, இல்லையா என்பது இலக்கியத் திறனாய்வுக்குரிய வினாவாகும். நடுவயதுப் பெண்ணின் உறக்கமின்மைக்கும் அச்சத்துக்கும் தமிழ் இலக்கிய மரபு எத்தகைய இடம் அளித்துள்ளது, அளிக்காத இடத்தை வாசகர் எவ்வாறு பெற்றுக்கொள்ளலாம் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாற்பதில் முடியும் பருவக் கணக்கு

பெண்ணின் முதற்பூப்புக்குத் தமிழில் சொல்வளம் மிகுதி. பூப்பெய்துதல், பெரியவளாதல், வயதுக்கு வருதல், ருதுவாதல், சடங்காதல், சமைதல் என வட்டாரத்துக்கும் சாதிக்கும் சமயத்துக்கும் ஏற்பப் பல வழக்குகள் உண்டு. மஞ்சள் நீராட்டும் புத்தாடையும் தாய்மாமன் சீரும் அதனைச் சூழ்கின்றன. பூப்பு நிகழ்ந்த பன்னிரண்டு நாள்களில் தலைவன் தலைவியைப் பிரிந்திருத்தல் ஆகாது எனத் தொல்காப்பியக் கற்பியல் விதி வகுக்கிறது. ஆக, பூப்பின் தொடக்கம் ஊரறிய நடக்கும் விழா. அதன் திங்கள்தோறுமான வருகை இலக்கணத்துக்கு உட்பட்ட செய்தி.

அது நின்றுபோவதற்கோ வழக்கில் ஒரே சொல்தான் உண்டு: "நின்றுவிட்டது". எது நின்றது என்று எழுவாய் சொல்லப்படுவதில்லை. "மாதவிடாய் நிறுத்தம்" என்பது மருத்துவ நூல்களுக்காக அண்மைக் காலத்தில் ஆக்கப்பட்ட தொடர். அதற்கு முன்னுள்ள நான்கைந்து ஆண்டுக்கால அலைக்கழிப்பைக் குறிக்க அத்தகைய தொடரும் பேச்சில் வேரூன்றவில்லை. மலேசியாவில் அரசு சுகாதார நிலையத்துக்குச் செல்லும் தமிழ்ப்பெண் 'புத்துஸ் ஹைட்' என்னும் மலாய்த் தொடரைக் கேட்டு வருகிறாள். புத்துஸ் என்றால் அறுபடுதல். சீன மொழியும் ஜப்பானிய மொழியும் ஒரே எழுத்துகளைக் கொண்டு இப்பருவத்தைக் குறிக்கின்றன. ஆண்டுகள் மாறும் காலம் என்பது அதன் ஏறத்தாழப் பொருள். ஒரு மொழி முறிவைச் சுட்டுகிறது; மற்றொரு மொழி மாற்றத்தைச் சுட்டுகிறது; நம் பேச்சுத்தமிழ் எழுவாயை விழுங்கிவிடுகிறது.

இவ்விடைவெளி பேச்சுவழக்கோடு நிற்பதன்று. உலா இலக்கியம் பெண்ணின் வாழ்வை ஏழு பருவங்களாகப் பகுக்கிறது. பாட்டியல் மரபில் பரவலாக எடுத்தாளப்படும் கணக்கின்படி பேதைக்கு 5 முதல் 7, பெதும்பைக்கு 8 முதல் 11, மங்கைக்கு 12 முதல் 13, மடந்தைக்கு 14 முதல் 19, அரிவைக்கு 20 முதல் 25, தெரிவைக்கு 26 முதல் 31, பேரிளம்பெண்ணுக்கு 32 முதல் 40 வயது. நூலுக்கு நூல் எண்கள் சற்றே மாறினாலும் அமைப்பு மாறுவதில்லை. சேரமான் பெருமாளின் திருக்கைலாய ஞானவுலா தொடங்கி ஒட்டக்கூத்தரின் மூவருலா வரை, வீதியுலா வரும் தலைவனைக் கண்டு உருகும் பெண்கள் பேரிளம்பெண்ணோடு முடிந்துவிடுகின்றனர். நாற்பத்தொன்றாம் வயதுப் பெண் அந்த வீதியில் எங்கே நிற்கிறாள் என்பதற்கு விடையில்லை. மாதவிடாய் நிற்றலின் முன்னோடி மாற்றங்கள் பெரும்பாலும் தொடங்கும் வயதில் நம் பருவக் கணக்கு முடிந்துவிடுகிறது என்பது கருதத்தக்கது.

நாற்பதைக் கடந்த பெண் தமிழ் மரபில் அறவே இல்லை எனக் கூறுதல் பொருந்தாது. போருக்கு மகனை அனுப்பும் புறநானூற்று முதியோள் உண்டு. ஔவை உண்டு. காரைக்காலம்மையார் உண்டு. ஆனால் இவர்கள் அங்கு வந்து சேர்ந்த வழி எண்ணத்தக்கது. மணம் பேசப்பட்ட கன்னி ஔவை பிள்ளையாரை வேண்டி ஒரே கணத்தில் மூதாட்டியானாள் என்கிறது மக்கள் வழங்கும் கதை. கணவனால் நீங்கப்பெற்ற புனிதவதி இறைவனை வேண்டித் தசை உதறிப் பேயுருக் கொண்டதாகச் சேக்கிழார் பாடுகிறார். இருவரும் இளமையிலிருந்து முதுமைக்கு ஒரே தாவலில் செல்கின்றனர். நடுவே கடக்க வேண்டிய பத்தாண்டுகளை வரம் கடந்துவிடுகிறது. வரம் பெறாத பெண்கள் அவ்வாண்டுகளை இரவு இரவாகக் கடக்க வேண்டியுள்ளது. தமிழ்க் கற்பனை நடுவயதைக் கடந்த பெண்ணைப் போற்றியிருக்கிறது; நடுவயதைக் கடந்துகொண்டிருக்கும் பெண்ணைக் கண்டதில்லை எனலாம்.

மருத்துவம் கூறுவது

இலக்கியம் காணாத அவ்விரவில் உடலில் நிகழ்வது என்ன என்பதைச் சுருக்கமாகவேனும் கூறுதல் வேண்டும். வேறு காரணமின்றிப் பன்னிரண்டு மாதங்கள் தொடர்ந்து மாதவிடாய் வாராதிருந்தால், அது நின்றுவிட்டதாக மருத்துவர் பின்னோக்கி முடிவு செய்கின்றனர். பெரும்பாலோர்க்கு இது 45க்கும் 55க்கும் இடைப்பட்ட வயதில் நிகழ்வதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. அதற்கு முன்னுள்ள ஆண்டுகளில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு சீராகக் குறைவதில்லை. ஏறியும் இறங்கியும் தடுமாறுகிறது. உடலின் வெப்பத்தைக் காக்கும் மூளைப்பகுதி அப்போது மிகு உணர்ச்சி கொள்கிறது. இயல்பான காலத்தில் உடல் பொருட்படுத்தாத சிறு வெப்ப ஏற்றத்துக்கும் குருதிநாளங்கள் விரிந்து முகமும் மார்பும் சூடேறுகின்றன, வியர்வை பெருகுகிறது, நெஞ்சு படபடக்கிறது, பின்னர் குளிர் எடுக்கிறது. இது நள்ளிரவில் நிகழும்போது உறக்கம் கலைகிறது. அமெரிக்காவில் பல இனப் பெண்களைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்து 2015இல் வெளியிடப்பட்ட ஆய்வில், அடிக்கடி வரும் இவ்வெப்ப அலைகள் நீடித்த காலத்தின் இடைநிலை அளவு 7.4 ஆண்டுகள் எனக் கண்டறியப்பட்டது. ஆகவே இது சில மாதச் செய்தியன்று.

உறக்கமின்மைக்கு வியர்வை மட்டுமே காரணமன்று. உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் இப்பருவத்துக்குப்பின் பெண்களிடம் மிகுகிறது. தைராய்டுக் கோளாறும் இதே படபடப்பைத் தரக்கூடும். எனவே எல்லாவற்றையும் வயதின் மேல் ஏற்றிவிட்டுச் சோதனையின்றி இருத்தலும் தவறு. எல்லாவற்றையும் மனத்தின் மேல் ஏற்றிவிடுதலும் தவறு.

மருத்துவமும் ஒரு கதைசொல்லியே என்பதைத் திறனாய்வாளர் மறத்தல் கூடாது. மெனோபாஸ் என்னும் கலைச்சொல்லின் மூலவடிவத்தை 1821இல் ஆக்கியவர் பிரெஞ்சு மருத்துவர் கார்தான். 1966இல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் வில்சன் எழுதிய நூல் இப்பருவத்தை இன்சுலின் குறைவதுபோன்ற ஒரு குறைபாட்டு நோயாகச் சித்திரித்து, மாத்திரையால் என்றும் பெண்ணாகவே இருக்கலாம் என்று விற்பனை செய்தது. 2002இல் அமெரிக்காவின் பெரும் ஆய்வொன்றில், ஈஸ்ட்ரோஜனையும் புரொஜெஸ்டினையும் சேர்த்து உண்டோரிடம் மார்பகப் புற்றுநோய் முதலிய இடர்கள் மிகுந்தமை கண்டு அப்பகுதி இடையில் நிறுத்தப்பட்டது. உலகெங்கும் பெண்கள் அச்சங்கொண்டு அம்மருந்தைக் கைவிட்டனர். அவ்வாய்வில் கலந்துகொண்டோர் பலர் அறுபதைக் கடந்தவர்கள் என்பதும், அறுபதுக்குக் குறைந்த உடல்நலமுள்ள பெண்களுக்கு, நின்ற பத்தாண்டுகளுக்குள் தொடங்கினால், நன்மையே பெரும்பாலும் மிகுதி என்பதும் பின்னர்த் தெளிவுபட்டன. ஒரு தலைமுறைப் பெண்கள் முதலில் மிகையான நம்பிக்கைக்கும் பின்னர் மிகையான அச்சத்துக்கும் இடையே நின்றனர்.

மானிடவியலாளர் இதற்கு வேறொரு கோணத்தைச் சேர்த்தனர். 1975இல் மார்ஷா ஃபிளின்ட், தாம் சந்தித்த வட இந்திய இராஜபுத்திரப் பெண்கள் இப்பருவத்தில் துன்பம் மிகுதியாகக் கூறவில்லை என்றும், முக்காட்டு மறைவிலிருந்து விடுபட்டு ஆடவர் அமரும் முற்றத்தில் அமரும் உரிமை அவர்களுக்குக் கிடைத்ததே காரணமாகலாம் என்றும் எழுதினார். 1993இல் வெளிவந்த தம் நூலில் மார்கரெட் லாக், ஜப்பானியப் பெண்கள் வெப்ப அலைகளைவிடத் தோள் இறுக்கத்தையே மிகுதியாகக் கூறுவதை எடுத்துக்காட்டி, உடலியலும் பண்பாடும் ஒன்றையொன்று உருவாக்கும் வகையை விளக்கினார். இவ்விரு ஆய்வுகளையும் இந்தியப் பெண்களுக்கு இத்துன்பம் இல்லை என்பதற்குச் சான்றாகக் காட்டுவோர் உளர். அது பிழையான வாசிப்பு. கேட்கும் வினாவுக்கும் கிடைக்கும் சொல்லுக்கும் ஏற்பவே துன்பம் பதிவாகிறது என்பதே லாக்கின் நூலிலிருந்து நாம் பெற வேண்டிய பாடம். சொல் இல்லாத மொழியில் துன்பமும் இல்லை என்று எண்ணிவிடுதல் எளிது.

மெய்ப்பாட்டியலில் உள்ள சொற்கள்

உண்மையில் தமிழில் சொற்கள் இல்லாமல் இல்லை. அவை வேறொருத்திக்கு உரிமையாக்கப்பட்டுள்ளன. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலை இவ்வாசிப்போடு அணுகினால் இது விளங்கும். உள்ளத்து நிகழ்வது உடலில் வெளிப்பட்டுக் காண்போர்க்குப் புலனாவதே மெய்ப்பாடு. எண்வகை மெய்ப்பாட்டுக்கு அப்பால் தொல்காப்பியர் தொகுக்கும் முப்பத்திரண்டனுள் துஞ்சல், அரற்று, வெரூஉதல், உயிர்ப்பு, கையாறு, வியர்த்தல், நடுக்கு ஆகியன அடங்கும். மருத்துவர் ஒருவர் நடுவயதுப் பெண்ணிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளும் பட்டியலை இது பெரிதும் ஒத்திருத்தலைக் காண்கிறோம். இவற்றை எவர்க்கும் உரிய பொதுவான மெய்ப்பாடுகளாகவே தொல்காப்பியர் தொகுத்தார்.

ஆனால் அகத்திணைக்கு வந்தவுடன் இவை சுருங்குகின்றன. நெற்றி வியர்த்தல் தலைவனை முதலில் எதிர்ப்பட்ட தலைவியின் மெய்ப்பாடு. கண்துயில் மறுத்தல் பிரிவால் மெலிந்த தலைவியின் மெய்ப்பாடு. பன்னிரண்டு வயதினள் என மரபு கூறும் அவளது நெற்றியில் அரும்பும் வியர்வையைப் படிக்கத் தோழிக்கும் செவிலிக்கும் தெரியும், உரையாசிரியருக்கும் தெரியும். அதே வியர்வை நாற்பத்தெட்டு வயதுப் பெண்ணின் நெற்றியில், ஆசிரியர் அறைக் கூட்டத்தின் நடுவே அரும்பும்போது, அதைப் படிக்கத் தெரிந்தவர் எவருமில்லை. குளிரூட்டியைக் கூட்டச் சொல்வதோடு அது முடிந்துவிடுகிறது.

அச்சம் பற்றிய நூற்பாவும் இவ்வகையில் சிந்தனைக்குரியது. அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என அச்சத்தின் நிலைக்களன்களைத் தொல்காப்பியர் நான்காக வகுக்கிறார். நான்கும் புறத்தே உள்ளவை. இப்பருவத்துப் பெண் விடியற்காலை மூன்று மணிக்கு உணரும் அச்சத்துக்குப் புறத்தே பொருள் இல்லை. நெஞ்சு முதலில் படபடக்கிறது. மனம் அதன்பின்னரே காரணம் தேடுகிறது. மகனின் தேர்வு, தாயின் மூட்டுவலி, வீட்டுக்கடன், அனுப்ப மறந்த மின்னஞ்சல் என எது கைக்குக் கிடைக்கிறதோ அதுவே காரணமாக நிறுத்தப்படுகிறது. நிலைக்களன் இல்லாத அச்சத்துக்கு மனம் நிலைக்களன் கற்பிக்கிறது என்று நம் கலைச்சொல்லாலேயே இதனைக் கூறிவிடலாம். இதை அறிந்துகொள்வதே துன்பத்தைப் பாதி குறைப்பது. இரவில் தோன்றும் கவலைக்கு இரவிலேயே தீர்வு காண முயலுதல் வேண்டா என்று இன்றைய உறக்க மருத்துவம் கூறுவதன் அடிப்படையும் இதுவே.

தாயின் இரவு

இனி அகநானூற்றுத் தாயிடம் திரும்புவோம். ஊர், காவலர், நாய், நிலவு, கூகை, கோழி ஆகியவற்றின் வரிசையில் தாய் நிறுத்தப்பட்டிருக்கிறாள். பின்னெழுந்த நம்பியகப்பொருள் இவற்றைத் தாய் துஞ்சாமை, நாய் துஞ்சாமை, ஊர் துஞ்சாமை என இலக்கணமாகவே ஆக்கிவிட்டது. தாயின் உறக்கமின்மை இங்கு ஒரு தடை; அது ஓர் அனுபவம் அன்று. விழித்திருக்கும் அவ்விருளில் அவள் எதை எண்ணினாள் என்று கேட்க, கூற்றுக்குரிய தலைவிக்கும் தேவையில்லை. இலக்கண ஆசிரியர்க்கும் தேவையில்லை.

தலைவியின் வயதைப் பன்னிரண்டாகக் கொண்டால் தாய் முப்பதைக் கடந்திராதவளாகவும் இருக்கலாம். எனவே பரணரின் தாய் மாதவிடாய் நிற்கும் பருவத்தினள் என நிறுவுவது என் கருத்தன்று. அவளுடைய விழிப்புக்கு மகளைத் தவிர வேறு காரணம் இருக்கக்கூடும் என்ற ஐயமே நம் வாசிப்பு மரபில் எழவில்லை என்பதுதான் இங்கு சுட்டத்தக்கது.

தாய்க்குத் தன் துயரைப் பேசும் உரிமை ஓரிடத்தில் கிடைக்கிறது. மகள் உடன்போக்கில் சென்றபின் நற்றாயும் செவிலியும் இரங்கும் பாடல்கள் அவை. நற்றிணை 184ஆம் பாடலில், ஒரே மகளை இழந்த தாயை ஆறியிருக்குமாறு ஊரார் கூறுகின்றனர். அவளோ நினைக்குந்தோறும் உள்ளம் வேகிறது என்கிறாள். மகள் விளையாடிய நொச்சியையும் திண்ணையையும் கண்டு கலங்குகிறாள். இத்துறைக்கு மனை மருட்சி என்று பெயர். மிக நுட்பமான பெயர் இது. வாழ்ந்து பழகிய வீடே அயலாகித் தோன்றும் மருட்சி நடுவயதுப் பெண்ணுக்கு நன்கு தெரிந்த ஒன்று. தன் உடலாகிய மனையே அயலாகும்போது தோன்றும் மருட்சியையும் அச்சொல் தாங்கும். எனினும் மரபு அதை மகளின் பிரிவோடு கட்டிவைத்திருக்கிறது. தாயின் நெஞ்சு வேகலாம். மகளுக்காக மட்டுமே வேகலாம்.

பாடலில் இல்லாத தலைவன்

இவ்வாறாயின் நடுவயதுப் பெண் தன்னைக் காணத்தக்க பாடல் சங்கத் தொகையில் இல்லையா? உண்டு என்பது என் துணிபு. குறுந்தொகையில் மூன்று பாடல்களை எடுத்துக்கொள்வோம். பதுமனாரின் ஆறாம் பாடல், நள்ளிரவில் பேச்செல்லாம் அடங்கி உலகமே இனிது உறங்க, உறங்காதவள் தான் ஒருத்தியே என்று கூறுவது. கொல்லன் அழிசியின் 138ஆம் பாடல், பெரிய ஊர் உறங்கியும் உறங்காமல் கிடந்து, வீட்டருகே நொச்சி மரத்தின் பூக்கள் உதிரும் ஓசையைக் கேட்டதைக் கூறுவது. ஔவையாரின் 28ஆம் பாடல், காற்று அலைக்க வருந்தும் தன் நோயை அறியாமல் உறங்கும் ஊரை முட்டவா, தாக்கவா, கூவி எழுப்பவா என்று கொதிப்பது.

இம்மூன்றையும் காதற்பாடல்களாகவே நாம் கற்கிறோம்; கற்பிக்கிறோம். ஆனால் பாடல்களின் உள்ளே சென்று தேடினால் தலைவன் இல்லை. காதலும் வெளிப்படச் சொல்லப்படவில்லை. அவற்றைத் தருவன திணையும் துறைக்குறிப்புமே. பாடலில் எஞ்சுபவை ஓர் இரவு, உறங்கும் ஊர், உறங்காத ஒருத்தி, பெயர் சொல்லப்படாத ஒரு நோய்.

இங்கு ஒரு மறுப்பு எழும். திணை மரபை நீக்கிவிட்டு அகப்பாடலைப் படித்தல் வேரறுத்து மரத்தைப் பார்ப்பது போன்றதாகும் என்பர். வரலாற்று நிலையில் அம்மறுப்பு ஏற்கத்தக்கதே. சங்கப் புலவரும் அவர்தம் அவையோரும் இவற்றைக் காதற்பாடல்களாகவே கொண்டிருப்பர். ஆனால் பாடல் ஒன்றின் பொருள் அது பிறந்த அவையோடு முடிந்துவிடுவதில்லை. ஒருவர் பெயரையும் சுட்டாமை அகப்பாடலின் விதி. அவ்விதியின் பயன், பாடல் எவர்க்கும் உரியதாகும் என்பது. எவர்க்கும் என்பதனுள் ஐம்பது வயதுப் பெண்ணும் அடங்குவாள் என்பதை ஏற்பதில் மரபுக்கு முரணான எதுவும் இல்லை.

அவ்வாறு படிக்கும்போது மூன்று பாடல்களும் மூன்று நிலைகளாகின்றன. பதுமனாரின் பாடலில் தனிமை உள்ளது, உலகோடு பகையில்லை. ஔவையின் பாடலில் சினம் உள்ளது. அருகில் கணவர் குறட்டை விட்டு உறங்க, போர்வையை உதறிவிட்டு எழுந்தமரும் பெண்ணுக்கு அச்சினம் புதிதன்று. தன்னை எரிச்சற்காரி என்று வீட்டார் கூறும்போது, அவ்வெரிச்சலுக்கு ஈராயிரம் ஆண்டு இலக்கியத் தகுதி உண்டு என்பது அவளுக்கு ஆறுதல் தரும். அழிசியின் பாடலோ வேறோர் எல்லையைத் தொடுகிறது. அங்கே உறங்காமை கேட்டலாக மாறிவிடுகிறது. உறக்கத்தை வலிந்து அழைக்கும் முயற்சி நின்று, பூ உதிரும் ஓசைக்குச் செவி திறக்கிறது. பின்னாளில் மூதாட்டியாகவே நினைக்கப்பட்ட ஔவையின் பெயர் கொண்ட புலவரிடம் சினமும், கொல்லனாகிய அழிசியிடம் இவ்வமைதியும் வெளிப்படுதல் வியப்புக்குரியது.

உறக்கமின்மைக்கு முதன்மைச் சிகிச்சையாக 2016இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி பரிந்துரைத்தது மருந்தை அன்று; எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் பயிற்சியை. உறக்கம் வாராதபோது படுக்கையில் புரளாமல் எழுந்து மங்கிய ஒளியில் அமைதியான ஒன்றைச் செய்தல், எத்தனை மணிக்கு உறங்கினும் ஒரே நேரத்தில் எழுதல், கடிகாரத்தைப் பாராதிருத்தல், உறங்கியே ஆகவேண்டும் என்னும் பதற்றத்தைத் தளர்த்தல் என்பன அதன் கூறுகள். இரவோடு மல்லுக்கட்டுவதை விட்டால் இரவு தளரும் என்பதே அதன் சாரம். அழிசியின் பாடல் சிகிச்சை நூல் அன்று. ஆயினும் சிகிச்சை விரும்பும் மனநிலையின் ஓவியம் அதில் உள்ளது.

வேற்றுக்காட்டில் ஒரு மான்

இக்கால இலக்கியத்துக்கு வருவோமாயின், 2000க்குப் பின்னான பெண் கவிஞர்கள் மார்பையும் கருவறையையும் மாதவிடாயையும் பேறுகாலத்தையும் துணிந்து எழுதினர். என் வாசிப்புக்கு எட்டியவரையில் அத்துணிவும் பெரிதும் இளம்பெண்ணின் உடலைச் சுற்றியே நின்றது. மலேசியத் தமிழ்ப் புனைகதையில் நாம் நன்கறிந்த தோட்டப்பெண், விடியுமுன் எழுந்து பெரட்டுக்கு ஓடுபவள். அவளது உறக்கம் வேலைக்கு அஞ்சியே கலைகிறது. அவள் உடல் உழைக்கும் உடலாகப் பதிவாகியிருக்கிறது. மாறும் உடலாகப் பதிவானதை அரிதாகவே கண்டுள்ளேன். இது நம் எழுத்தாளர்க்கும் ஆய்வு மாணவர்க்கும் திறந்திருக்கும் களம்.

விதிவிலக்காக நிற்கும் ஒரு படைப்பு அம்பையின் 'காட்டில் ஒரு மான்'. 2000இல் இப்பெயரிலேயே வெளிவந்த தொகுப்பின் தலைப்புக் கதை அது. கதையின் தங்கம் அத்தை மாதவிடாய் நின்றவள் அல்லள். அது தொடங்கவே பெறாதவள். இரு நிலைகளும் வேறு வேறு. எனினும் பூப்பு இல்லாத உடலை ஊர் எவ்வாறு காண்கிறது என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. வெறுமை என்பதே ஊரின் தீர்ப்பு. அத்தையோ இரவுகளில் குழந்தைகளைச் சூழ அமர்த்திக் கதை கூறுகிறாள். அவற்றுள் ஒன்று வழிதவறி வேற்றுக்காட்டுக்குள் வந்துவிட்ட மானின் கதை. பழகிய நீர்நிலை இல்லை. பழகிய மரங்கள் இல்லை. மான் நடுங்கித் திரிகிறது. பின்னர் நிலவொளி நிறைந்த ஓரிரவில் அதன் அச்சம் விலக, அக்காடும் அதன் காடாகிறது.

பழைய காட்டுக்கு மான் திரும்பவில்லை என்பதே இக்கதையின் உயிர்நிலை. என்றும் இளமை தருவதாக வில்சன் விற்ற கனவு பழைய காட்டுக்குத் திரும்பும் கனவு. ஔவைக்குக் கிடைத்த வரம் காட்டையே தாண்டிக் குதிக்கும் வரம். அம்பை காட்டுவது மூன்றாவது வழி. இக்காட்டிலேயே நின்று, அதன் ஓசைகளை ஒவ்வொன்றாகப் பழகிக்கொள்வது. அதற்கு மருந்து தேவைப்படுவோர் மருந்தை நாடுவதில் இழுக்கில்லை. மருந்து நடுக்கத்தைக் குறைக்கும். காட்டைத் தன்னுடையதாக்கிக்கொள்ளுதல் மட்டும் மொழியால் நிகழ வேண்டியது. தங்கம் அத்தை அதைக் கதையாகச் சொன்னதால்தான் அது நிகழ்கிறது.

முடிவுரை

பெண்ணின் பருவங்களை ஏழாக வகுத்த மரபு நாற்பதில் தன் கணக்கை முடித்துக்கொண்டது. வியர்வை, நடுக்கம், அச்சம், உறங்காமை ஆகியவற்றுக்குரிய சொற்களை அது நுட்பமாக ஆக்கியும், அகத்திணைக்குள் இளந்தலைவிக்கே அவற்றை உரிமையாக்கியது. தாயின் விழிப்பைத் தடையாகக் கண்டது. ஆயினும் அப்பாடல்களின் பெயர் சுட்டாத அமைப்பே நடுவயதுப் பெண் உள்நுழைவதற்கான வாயிலையும் திறந்துவைத்திருக்கிறது. மனை மருட்சி, கையாறு, வெரூஉதல், கண்துயில் மறுத்தல் ஆகிய சொற்களை அவளுக்கும் உரியனவாக வழங்கத் தொடங்குதல் தமிழ் கற்பிப்போர் கையில் உள்ள செயல். மருத்துவத் தமிழுக்கு மொழிபெயர்ப்புச் சொற்களைத் தேடுவோரும் இவற்றைக் கருத்தில் கொள்ளலாம்.

மாணவியின் வினாவுக்கு நான் முதலில் கூறிய விடை உரைநூலின் விடை. அடுத்த பருவத்தில் அதே பாடலை நடத்தியபோது, "தாய் உறங்கவில்லை, ஏன் என்று பாடல் கூறவில்லை" என்று கூறி நிறுத்தினேன். வகுப்பில் சிறிது நேரம் அமைதி நிலவியது. பின்வரிசையிலிருந்த ஓர் இளைஞர், தம் தாயார் இரவில் சமையலறை விளக்கைப் போட்டுக்கொண்டு தனியே அமர்ந்திருப்பதைப் பலமுறை கண்டதாகவும், ஒருநாளும் காரணம் கேட்டதில்லை என்றும் கூறினார். கேட்குமாறு அவரிடம் சொன்னேன்.